பேண்ட் பாக்கெட்டில் பேனாக்கத்தி: வழிப்பறிக்காரன் முன்னால் உதவுமா?

#1 ராத்திரி_ஷிப்ட் · செவ்வாய், இரவு 10:12

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

போன புதன்கிழமை ராத்திரி ஒன்றே முக்கால் மணி. வேளச்சேரிப் பக்கம் ஆபீஸ் வண்டி என்னை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வீடு எட்டு நிமிட நடை. பால் பூத்தைத் தாண்டினால் மூன்று தெருவிளக்கு எரிவதில்லை. அந்த இடத்தில் பின்னாலிருந்து வந்த பைக் என்னைத் தாண்டிப் போய் நின்றது. பின்சீட்டில் இருந்த பையன் இறங்கி வந்து, "அண்ணே, டைம் என்ன?" என்றான். போனை எடுத்துப் பார்த்தேன். அதை வெளியே எடுக்க வைக்கத்தான் கேட்டிருக்கிறான். நிமிர்வதற்குள் இடது விலாவில் ஏதோ அழுத்தியது. குனிந்து பார்த்தால் காய் நறுக்குகிற கத்தி, மஞ்சள் பிளாஸ்டிக் பிடி. போன், பர்ஸில் இருந்த 1,200 ரூபாய் இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. காயம் இல்லை. சட்டையில் மட்டும் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை.

போன் போனால் போகிறது. அந்தத் தெருவில் நடக்க முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. பின்னால் பைக் சத்தம் கேட்டாலே வயிறு பிசைகிறது. மனைவியிடம் "பஸ்ஸில் அடித்துவிட்டார்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சூரிக்கில் இருக்கும் பெரியம்மா மகன் கொடுத்த விக்டோரினாக்ஸ் பேனாக்கத்தி ஒன்று வீட்டில் இருந்தது. மூடினால் 91 மி.மீ., சிவப்புப் பிடி. மூன்று நாளாக அதைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் போகிறேன். நடக்கும்போது கை அதன் மேலேயே இருக்கிறது. கொஞ்சம் தைரியமாக இருப்பது உண்மை.

என் கேள்வி இதுதான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அதை எடுக்கலாமா? எடுத்தால் உதவுமா? ரோந்து போலீஸ் சோதனை போட்டால் வம்பாகுமா?

இன்னொரு விஷயம். ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். கையில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதில் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். அல்ல) 'கைபேசியைத் தவறவிட்டுவிட்டார்' என்று எழுதியிருக்கிறது. நான் தவறவிடவில்லை.

#2 வைகைக்கரை_பாண்டி · செவ்வாய், இரவு 10:40

தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள் நண்பரே.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். 2011-ல் ஒரு ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வரும்போது இரண்டு பேர் மறித்தார்கள். கேட்ட பணத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் தோளில் ஒரு வெட்டு. இன்றைக்கும் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. சட்டை மாட்டிவிட அம்மா வேண்டும். "கொடுத்துவிட்டால் விட்டுவிடுவான்" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தத் தோள்தான் ஞாபகம் வரும். அவன் கையில் கத்தி இருந்து நம் கை வெறுங்கையாக இருந்தால், நாம் பிழைப்பது அவன் இஷ்டம் என்றாகிவிடுகிறது.

#3 பெருங்களத்தூர்_வாத்தியார் · புதன், காலை 6:05

பாண்டி, உங்கள் அப்பாவுக்கு நடந்ததைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத மனம் வரவில்லை. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் சிலம்பமும் தற்காப்பும் சொல்லிக்கொடுப்பவன், பத்தொன்பது வருஷமாக. ராத்திரி_ஷிப்ட் தம்பி வைத்திருக்கும் கத்தி எனக்கு நன்றாகத் தெரியும். ஆப்பிள் நறுக்க, பார்சல் பிரிக்க, திருகாணி முடுக்க அருமையான சாமான். அதன் பெரிய அலகைத் திறக்க நகத்தைப் பள்ளத்தில் கொடுத்து நெம்ப வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். திறந்த பிறகும் அலகு பூட்டிக்கொள்வதில்லை. முதுகுப்பக்கம் இருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எதிலாவது முட்டினால் மடங்கி உங்கள் விரல் மேலேயே விழும்.

உங்கள் சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். கத்தி விலாவில் பட்ட பிறகுதான் அது வழிப்பறி என்றே உங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு பாக்கெட்டுக்குள் கையை விட்டு, வெளியே எடுத்து, இரண்டு கையையும் சேர்த்து, நகத்தால் நெம்பி முடிக்கும்வரை அவன் சும்மா நிற்க வேண்டும். பாக்கெட்டுக்குக் கை போவதைப் பார்த்ததுமே அவன் பயந்து குத்துவான். இந்தப் பையன்களில் பாதிப் பேர் போதையில் வருகிறவர்கள், நம்மைவிட அதிகமாக நடுங்குகிறவர்கள். மிரட்ட மட்டும் கொண்டுவந்த கத்தியைக் குத்துகிற கத்தியாக நாமே மாற்றிவிடக் கூடாது.

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டியூலர் 1983-ல் எழுதிய கட்டுரையை எங்கள் துறையில் எல்லோரும் படித்திருப்போம். 21 அடி தள்ளி நிற்கிறவன் கத்தியோடு ஓடிவந்து குத்த ஒன்றரை வினாடி போதும் என்று அவர் அளந்து காட்டினார். இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கும் பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே அந்த நேரத்துக்குள் அதை உருவிச் சுடுவது இழுபறிதான். உங்களுக்கும் அவனுக்கும் நடுவே இருந்தது ஓர் அடி.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பழைய வெள்ளை பனியன் போட்டுக்கொள்ளுங்கள். தம்பியோ மச்சானோ யாராவது ஒருவர் கையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனா. உங்கள் பாக்கெட்டில் ஓர் ஐஸ்கிரீம் குச்சி, உங்கள் கத்திக்குப் பதிலாக. நிஜக் கத்தி வேண்டவே வேண்டாம். எடுத்து, இரண்டு கையாலும் திறப்பதுபோல் மூன்று எண்ணிவிட்டுத்தான் பயன்படுத்தலாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சுற்று. பிறகு பனியனைப் பாருங்கள்.

இப்போது பாண்டியின் அப்பா. கொடுத்த பிறகும் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதனால்தான் 'கொடு' என்பதோடு நான் நிறுத்துவதில்லை. பர்ஸைக் கையில் நீட்டாதே, அவனுக்குப் பக்கவாட்டில் நாலடி தள்ளி வீசு, பைக் எந்தத் திசை பார்த்து நிற்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் ஓடு, கத்திக்கொண்டே ஓடு. பைக் திரும்புவதற்குள் முப்பது அடி கிடைக்கும். பொருளையும் வாங்கிக்கொண்டு வெட்டவும் வருகிறான், ஓடவும் வழியில்லை என்றால் மட்டும்தான் சண்டை. அப்போதும் இரண்டு கையாலும் அவனுடைய கத்திக் கை மணிக்கட்டைப் பிடித்து, அவன் உடம்போடு சேர்த்து அழுத்தித் தள்ள வேண்டும். ஒரு கையைப் பாக்கெட்டில் தொலைத்துவிட்டு நின்றால் இதைச் செய்ய முடியாது.

#4 வைகைக்கரை_பாண்டி · புதன், காலை 8:31

வாத்தியார் ஐயா, சொல்வது புரிகிறது. ஆனால் அப்பாவுக்கு அப்போது 58 வயது, முழங்கால் தேய்மானம். 'எதிர்த்திசையில் ஓடு' என்பது ஓட முடிந்தவர்களுக்கான வழி. ஓட முடியாதவர் என்ன செய்வது?

#5 கோர்ட்_வராண்டா · புதன், இரவு 9:15

வழக்கறிஞர். சட்டக் கேள்விகளுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த ரசீது. விலாவில் கத்தி வைத்துப் பறித்தது 'தவறவிட்டது' ஆகாது. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-வது பிரிவு, கொள்ளை. தண்டனை பத்து வருஷம் வரை. கொள்ளையில் கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் 311-ன்படி ஏழு வருஷத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அதனால்தான் சில ஸ்டேஷன்களில் எண்ணிக்கை கூடாமல் இருக்க இப்படி எழுதுகிறார்கள். விடாதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதி, நேரம், இடம், கத்தியின் பிடி நிறம் உட்பட, மறுபடியும் கொடுத்து எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். மறுத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-ன்படி மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். சென்னையில் என்றால் துணை ஆணையருக்கு. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். சட்டையைத் துவைக்காதீர்கள், அந்த ஓட்டை ஒரு சாட்சி.

கத்தி வைத்திருப்பது. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. உங்கள் பேனாக்கத்தி அதன் கிட்டக்கூட வராது. பட்டனை அழுத்தினால் விரிகிற கத்தி வேறு கதை. டெல்லியில் அதற்கென்று 1980 முதல் தனி அறிவிப்பாணை இருக்கிறது. அந்த ரகத்தை வாங்காதீர்கள்.

பயன்படுத்துவது. நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரை தற்காப்புரிமை. பழைய சட்டத்தில் 96 முதல் 106. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் நிலை வந்தால், எதிராளி சாகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும் (38). கொள்ளைக்கு எதிராகவும் அப்படியே (41). ஆனால் 37 கடிவாளம் போடுகிறது. காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் ஒரு கீறல்கூடக் கூடாது. எப்போது முடிகிறது என்பது 43-ல். கொள்ளையில், அவன் தாக்குவதும் மறிப்பதும் அந்த உடனடி பயமும் நீடிக்கும்வரைதான்.

பெரும்பாலானவர்கள் சிக்குவது இந்தக் கடைசி இடத்தில்தான். அவன் போனை வாங்கிக்கொண்டு பைக்கை நோக்கித் திரும்பிவிட்டான். நீங்கள் கத்தியைத் திறந்து முடிக்கிறீர்கள். ஆத்திரத்தில் முதுகில் ஒரு குத்து. அந்த ஒரு நொடியில் வழக்கு தலைகீழாகிவிடும். 118-வது பிரிவு, ஆபத்தான ஆயுதத்தால் காயம்; கொடுங்காயம் என்றால் ஆயுள் வரை போகலாம். இறந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். காயம் முதுகில் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வந்தபின், 'உயிருக்குப் பயந்து செய்தேன்' என்பதை நீதிமன்றத்தில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

#6 வைகைக்கரை_பாண்டி · புதன், இரவு 9:48

அப்படியானால் சட்டம் யார் பக்கம்? கோழை மாதிரி நிற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னதாகப் படித்திருக்கிறேனே.

#7 கோர்ட்_வராண்டா · புதன், இரவு 10:20

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 2010, தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம். சட்டத்தை மதித்து நடக்கிறவன் கண்ணெதிரே தாக்குதல் வரும்போது கோழையாக நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பது அதன் சாரம். உயிர்ப்பயத்தில் இருப்பவன் திருப்பி அடிப்பதைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கக் கூடாது என்பதும் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதுதான்.

ஆனால் அந்தத் தீர்ப்பில் சம்பவம் நடந்தது 1991-ல். உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2010-ல். நடுவில் இருக்கும் வருஷங்களை எண்ணிப் பாருங்கள். முதல் ராத்திரி ஸ்டேஷனில் உங்களைத் தற்காத்துக்கொண்டவராக யாரும் பார்க்க மாட்டார்கள். ஒருவன் குத்துப்பட்டுக் கிடக்கிறான், கத்தி உங்களுடையது. கைது, ரிமாண்ட், ஜாமீன், வேலையில் சஸ்பென்ஷன். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பும் உங்கள் மேல்தான், புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியத்தின் 108-வது பிரிவுப்படி. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பும்படி காட்டினால் போதும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

எல்லோரும் ஸ்டேஷனில் கேட்பது ஒரே கேள்வி: "கத்தியை எதுக்குப்பா வெச்சிருந்தே?"

#8 இரவுப்பணி_செவிலி · வியாழன், காலை 7:50

டியூட்டி முடிந்து வந்து படித்தேன். அவசரப் பிரிவில் பதினொரு வருஷம்.

கத்தியைத் 'தற்காப்புக்கு' எடுத்தவர்களின் கையை நான் பார்த்திருக்கிறேன். வாத்தியார் சொன்னது அப்படியே நடக்கும். பேனாக்கத்திப் பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. கை வியர்த்திருக்கும். குத்தும்போது முனை எலும்பிலோ பெல்ட்டிலோ முட்டி நின்றுவிடும், கை நிற்காமல் அலகின் மேல் வழுக்கிப் போகும். நான்கு விரலும் உள்பக்கம் வரிசையாக வெட்டுப்பட்டிருக்கும். ரத்தம் அதிகம் இருக்காது, அவரும் "ரெண்டு தையல் போட்டு அனுப்புங்க சிஸ்டர்" என்பார். விரலை மடக்கச் சொன்னால் சுண்டுவிரலும் மோதிர விரலும் அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே தசைநாண் அறுந்திருக்கும். அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் ஸ்பிளிண்ட், மாசக்கணக்கில் பிசியோ. அதற்குப் பிறகும் சட்டைப் பட்டன் போடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கணினியில் வேலை பார்க்கிறவர் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். ஒரு தடவை பத்தொன்பது, இருபது வயசுப் பையன், தானாக நடந்து உள்ளே வந்தான். ஏதோ தகராறு, சின்னக் கீறல் என்றான். விலாவுக்குக் கீழே சட்டைப் பட்டன் அளவு ஓட்டை, அதைச் சுற்றி ரத்தம்கூடக் காய்ந்திருந்தது. பி.பி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. ரத்தம் எல்லாம் வயிற்றுக்குள் போயிருந்தது. பிழைத்தான், ஆனால் மூன்று அங்குலம்கூட இல்லாத கத்தி அது. சின்னக் கத்தியால் சும்மா பயமுறுத்தலாம், ஆளைக் கொல்லாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

யாருக்காவது குத்துப்பட்டால்: கத்தி உள்ளே இருந்தால் பிடுங்காதீர்கள், அதுதான் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். அதைச் சுற்றித் துணி வைத்து அசையாமல் பிடியுங்கள். வெளியே வந்துவிட்டால் துண்டோ துப்பட்டாவோ மடித்து வைத்து உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தடவை எடுத்துப் பார்க்கக் கூடாது. தொடையிலோ கையிலோ பீய்ச்சி அடித்தால் சில நிமிடம்தான் அவகாசம். தண்ணீர் கொடுக்க வேண்டாம். 108.

சின்னக் கீறலாக இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லுங்கள். அந்தக் காப்பி இல்லாமல் பிறகு அலைபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

#9 கடைசி_ட்ரிப் · வியாழன், இரவு 11:32

எல்லாவற்றையும் படித்தேன். உபயோகமாக இருந்தது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

'போனைக் கொடுத்துவிட்டுப் போ' என்பது வந்தவனுக்கு வேண்டியது போன்தான் என்று தெரிந்தவர்களுக்கான அறிவுரை. எனக்கு அது எப்படித் தெரியும்? ராத்திரி ஒன்றரைக்கு என் பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்தால், அவன் கழுத்துச் சங்கிலிக்கு வருகிறானா வேறு எதற்காவது வருகிறானா என்று நான் எதை வைத்து முடிவு பண்ணுவது? ஆபீஸ் வண்டி வாசல்வரை வரும் என்று பேப்பரில் இருக்கிறது. எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்ப இடம் இல்லை, அதனால் முனையில் இறங்கி இருநூறு மீட்டர் நடக்கிறேன். ஆறு வருஷமாக. ஒரு தடவை ஒருத்தன் கையைப் பிடித்திருக்கிறான். அன்றைக்கு என் கையில் சாவிக்கொத்து இருந்தது. அவன் முழங்கையில் கிழித்தேன், விட்டான். அதற்குப் பிறகு நான் வெறுங்கையோடு நடந்ததில்லை. யார் என்ன சொன்னாலும் நடக்கவும் மாட்டேன்.

#10 பெருங்களத்தூர்_வாத்தியார் · வெள்ளி, காலை 5:58

அம்மா, நீங்கள் சொல்வது சரி. நான் எழுதியது பணத்துக்கு வருகிறவனைப் பற்றி. உங்கள் கையைப் பிடித்தவனிடம் கொடுத்துவிட்டுப் போக எதுவுமில்லை. அங்கே முதல் நொடியிலிருந்தே சண்டைதான். நீங்கள் செய்ததைத்தான் நானும் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள். சாவி உங்களைக் காப்பாற்றியது, அது ஏற்கெனவே கையில் இருந்ததால். பையில் இருந்திருந்தால்? மடக்குக்கத்தி எப்போதும் இன்னொரு படி பின்னால்தான் இருக்கிறது. மிளகு ஸ்பிரே, சத்தமான விசில், டார்ச், எதுவானாலும் இறங்குவதற்கு முன்பே உள்ளங்கையில் இருக்க வேண்டும். ஸ்பிரே வாங்கினால் காலாவதி தேதி பாருங்கள், ஒரு தடவை மொட்டைமாடியில் அடித்துப் பழகுங்கள். எதிர்க்காற்றில் அடித்தால் நம் கண்ணுக்கே வரும். வெட்டு விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது. ஸ்பிரேயில் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், நாம் வீட்டுக்குள் போயிருப்போம்.

பாண்டி, ஓட முடியாதவர்களுக்கும் இதுதான் என் பதில். அப்பா வயசுக்காரர்கள் என்னிடம் வந்தால் ஒரு கைத்தடியும் தலையைத் தாண்டி ஒளி அடிக்கிற டார்ச்சும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். தடி இருந்தால் அவன் மூன்றடிக்குள் வர யோசிப்பான். கத்தியென்றால் அவனை நாமே மூன்றடிக்குள் கூப்பிடுகிற மாதிரி. கல்லாப் பணத்தோடு தனியாக நடக்காமல் இருப்பது அதைவிட முக்கியம்.

#11 கோர்ட்_வராண்டா · வெள்ளி, காலை 9:10

கடைசி_ட்ரிப்புக்கு: 38-வது பிரிவில் பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு எல்லாம் பெயர் சொல்லியே வருகின்றன. அங்கே உங்கள் உரிமை மிக அகலமானது. கையைப் பிடித்தவன் அடுத்து என்ன செய்வான் என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நியாயமான அச்சம் தொடங்கியதுமே உரிமையும் தொடங்குகிறது (40).

ஸ்பிரேக்கும் ஒரு எச்சரிக்கை. 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், ஒரு தகராறில் ஸ்பிரே அடித்தவர்கள் மேல் போட்ட வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அதையும் ஆபத்தான ஆயுதமாகவே பார்த்தது. அங்கே உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் தெரியவில்லை என்பதுதான் காரணம். ஆபத்தில் அடிக்கலாம், வாய்ச்சண்டையில் அடிக்கக் கூடாது.

#12 ஈஸ்ட்ஹாம்_கடைக்காரன் · வெள்ளி, இரவு 8:44

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் இருபத்தி மூன்று வருஷம். இங்கே கதை முழுக்க வேறு. பிள்ளைகள் இங்கே படிக்கிற ஆட்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

இங்கே மடக்குக்கத்தியின் அலகு 3 அங்குலத்துக்குள் இருந்து, பூட்டிக்கொள்ளாத ரகமாகவும் இருந்தால் மட்டும்தான் காரணம் சொல்லாமல் கொண்டுபோகலாம். பூட்டுகிற கத்தி என்றால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 1988-ம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம், தகுந்த காரணம் இல்லாவிட்டால். நாலு வருஷம் வரை சிறை. அதைவிட முக்கியமானது: சட்டப்படியான சின்னக் கத்தியாக இருந்தாலும், பொலிஸ் மறித்துக் கேட்கும்போது "என்ரை பாதுகாப்புக்கு" என்று சொன்னால் அந்த வாக்குமூலமே அதை ஆயுதமாக்கிப் போடும். என் கடையில் பெட்டி உடைக்கிற கத்தியை வேலைக்கு நிற்கிற பெடியன் ஒருநாள் மறந்துபோய் ஜாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே போனான். ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் வேலைக் கடிதம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்தத் தாய் அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது.

இங்கே இப்ப மின்சார சைக்கிளில் வந்து கையில் இருக்கிற போனைப் பறித்துக்கொண்டு போவதுதான் அதிகம். கத்தி எடுக்க நேரம் எங்கே? நடைபாதையில் ரோட்டுப் பக்கம் நடக்காமல் சுவர்ப்பக்கம் நடக்கச் சொல்லித்தான் என் மகளுக்குச் சொல்கிறேன்.

#13 ராத்திரி_ஷிப்ட் · ஞாயிறு, இரவு 9:26

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

இன்று சாயங்காலம் மொட்டைமாடியில் வாத்தியார் சொன்னதைச் செய்து பார்த்தோம். மச்சான் கையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனா, என் பாக்கெட்டில் ஐஸ்கிரீம் குச்சி. மனைவி எண்ணினாள். (அவளிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சட்டை ஓட்டையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாளாம்.)

முதல் ஆறு சுற்றில் குச்சி பாக்கெட்டை விட்டு முழுசாக வெளியே வரவே இல்லை. சாவியோடு சிக்கிக்கொண்டது, ஒரு தடவை பாக்கெட்டின் உள்துணியே வெளியே வந்துவிட்டது. ஏழாவதில் எடுத்தேன், கீழே விழுந்தது. எட்டாவதில் எடுத்து 'திறந்து' அவன் தோளில் ஒரு குத்து வைத்தேன், ரொம்ப சந்தோஷமாக. மனைவி பனியனைக் காட்டினாள். அதற்குள் என் வயிற்றில் நாலு கோடு, கழுத்தில் காதுக்குக் கீழே ஒன்று. அந்தக் கோடு விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. குளித்த பிறகும் சிவப்பு முழுசாகப் போகவில்லை, இதை எழுதும்போதுகூடக் கண்ணாடியில் தெரிகிறது.

கடைசி இரண்டு சுற்று பர்ஸைப் பக்கவாட்டில் வீசிவிட்டு ஓடினேன். ஒரு தடவை முதுகில் ஒரு சின்னப் புள்ளி, இன்னொரு தடவை ஒன்றுமே இல்லை. மச்சானுக்கு இருபத்தி நாலு வயது, கபடி ஆடுகிறவன்.

பாக்கெட்டில் கத்தியோடு நடந்த நாட்களை யோசித்துப் பார்த்தேன். இருட்டான அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பைக் சத்தம் கேட்டபோது திரும்பிப் பார்த்து ஒதுங்காமல், கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தேன். வரட்டும் என்று காத்திருந்தேன் போல.

கத்தி இப்போது சமையலறையில், கத்தரிக்கோல் தொங்கும் ஆணியில். நாளையிலிருந்து பால் பூத் வழியை விட்டுவிட்டு பேக்கரி இருக்கும் தெரு வழியாக வருகிறேன். நாலு நிமிடம் கூட ஆகும். அங்கே ஏ.டி.எம். வாட்ச்மேன் ஒருவர் விடியும்வரை முழித்திருக்கிறார், அவரிடம் பேசி வைத்திருக்கிறேன். எரியாத மூன்று விளக்குக் கம்பங்களின் எண்ணையும் குறித்து மாநகராட்சியில் புகார் பதிந்தாயிற்று. எஃப்.ஐ.ஆருக்கு வக்கீல் சார் சொன்னபடி புது மனு கொடுத்தேன். இந்தத் தடவை முழுக்கப் படித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள், 'விசாரித்துச் சொல்கிறோம்' என்றார்கள். வியாழன்வரை பார்த்துவிட்டுத் தபால்.

#14 வைகைக்கரை_பாண்டி · ஞாயிறு, இரவு 10:03

அப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். வாத்தியார் சொன்ன இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அன்னிக்கு என் கையில் கத்தி இருந்திருந்தா நான் கண்டிப்பா எடுத்திருப்பேன், அவங்க ரெண்டு பேருடா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நான் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் டார்ச் வாங்கப் போகிறேன்.

ராத்திரி_ஷிப்ட், போனை முடக்கிவிட்டீர்களா? அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே.

#15 ராத்திரி_ஷிப்ட் · ஞாயிறு, இரவு 10:15

வங்கிக்கு அன்று ராத்திரியே மனைவி போனிலிருந்து கூப்பிட்டு யு.பி.ஐ.யை நிறுத்தினேன். போனை முடக்க அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முயன்றேன், ஓ.டி.பி. வரவில்லை. புது சிம் நேற்றுதான் வாங்கினேன்.

#16 கடைசி_ட்ரிப் · ஞாயிறு, இரவு 10:31

டூப்ளிகேட் சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, விதியே அப்படி. நாளைக்குப் போடுங்கள், வரும். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் போன் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும், பில்லிலும் இருக்கும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண், இரண்டையும் போடுங்கள். போலீஸ் புகார் காப்பி கேட்கும். பழைய 'தவறவிட்ட' ரசீதைப் போடாமல் புது மனுவின் ரசீதைப் போடுங்கள். மற்றவர்கள் இப்போதே *#06# அடித்து வரும் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம், அந்த பேக்கரித் தெருவில் இரண்டு மணிக்கு மேல் நாய்கள் துரத்தும். நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். வாட்ச்மேன் அண்ணன் கூடவே முனைவரை வரச் சொல்லுங்கள், அவர் வருவார்.